வெட்டின சொப்பர்: அப்படியே திருத்துவதா, பழைய கோலத்துக்குத் திருப்புவதா?

இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தன், மாங்குளம், மல்லாவிப் பக்கம் பழைய மோட்டார் சைக்கிள் தேடி அலைகிறவர்களுக்கு எப்போதாவது ஒரு சொப்பர், அதாவது வெட்டி ஒட்டிக் கோலம் மாற்றின வண்டி, அகப்படும். தறப்பாளுக்குக் கீழே முன் சில்லைத் தாங்கும் போக் நீண்டுபோய், கைபிடி உயர்ந்து, பின்பக்கம் ஷொக் இல்லாமல், சீற் தரையோடு தரையாக நிற்கும். வாங்கலாம் என்று மனம் சொன்ன உடனேயே அடுத்த சண்டை தொடங்கிவிடும். ஒரு கூட்டாளி வெட்டினபடியே வடிவாக்கி ஓடு என்பான். இன்னொருவன் கொம்பனியில் இருந்து வந்த கோலத்துக்குத் திருப்பினால்தான் மரியாதை என்பான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹொண்டா என்றால் திருப்புங்கள். பிஎஸ்ஏ என்ற பழைய இங்கிலாந்து வண்டி என்றால் பெரும்பாலும் அப்படியே விடுங்கள். ஆனால் இரண்டிலும் கழுத்தைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

கழுத்து என்று நான் சொல்வது, ஹாண்டில் திரும்புகிற தண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் குட்டைக் குழாயை. சொப்பர் செய்கிறவர் முதலில் கத்தி வைப்பதும் அங்கேதான். கழுத்தை வெட்டிச் சாய்வைக் கூட்டி ஒட்டினால்தான் முன் சில்லு அவ்வளவு தூரம் போய் நிற்கும். பழைய ஹொண்டாக்களிலும் பிஎஸ்ஏ எம்20 போன்றவற்றிலும் செசி இலக்கம், அதாவது வண்டிச் சட்டத்தின் இலக்கம், குத்தியிருப்பதும் அதே கழுத்தில்தான். ஆகவே அந்த ஒரு சாண் இரும்பு இரண்டு விஷயத்தைச் சொல்லும்: வண்டி நேராக ஓடுமா, அது யாருடைய வண்டி.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கழுத்தைத் துடையுங்கள். பிறகு ஒரு காந்தத்தை அதன்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது போதும். நல்ல இரும்பில் காந்தம் கவ்விக்கொண்டே போகும். பட்டி பூசிய இடத்தில் பிடி விட்டுக் கையோடு வந்துவிடும். அந்த இடத்துப் பெயின்ற்றைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடச் சோக்கைத் தூளாக்கி அதன்மேல் பூசுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் உள்ளே நின்ற எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு எழும்பும். அந்தக் கோடு வெல்டிங் ஓரத்தில் ஓடினால், நான் அந்த வண்டியில் ஏறமாட்டேன். விற்கிறவர் எவ்வளவு சிரித்துக்கொண்டு தேநீர் தந்தாலும்தான்.

இலக்கம் இருக்கும் இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரைத்த தடம் தாளில் தெரியும். அந்தக் கால ஹொண்டாவில் மாதிரியின் பெயர் முன்னால் வரும், தொடர் இலக்கம் பின்னால் வரும். எஞ்சின் இலக்கத்தில் மாதிரிப் பெயரோடு ஈ என்ற ஆங்கில எழுத்துச் சேர்ந்திருக்கும். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் ஒன்றாக இல்லையே என்று பலர் பயப்படுவார்கள். கொம்பனியில் இருந்தே அவை வேறு வேறாகத்தான் வந்தன. இரண்டும் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

நம்பர் தகடும் ஒரு சாட்சிதான், கொஞ்சம் நம்பமுடியாத சாட்சி. ஆங்கில எழுத்து இரண்டு இருந்த பழைய தகடுகள், 1957இல் வந்து வடக்கிலே பெரிய எதிர்ப்பைக் கிளப்பிய சிங்கள ஸ்ரீ தகடு, அதற்குப் பிறகு நடுவில் கோடு போட்ட எண்கள், அதன்பின் மாகாண எழுத்தோடு வந்த ஆங்கில எழுத்துத் தகடு என்று வரிசை உண்டு. தகட்டைப் பார்த்தால் வண்டி எப்போது பதியப்பட்டது என்று ஒரு மட்டாகச் சொல்லலாம். ஆனால் தகடு இரண்டு போல்ட்டில் நிற்கிற சாமான். இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறெங்கோ.

வன்னியில் இந்த இலக்க விஷயத்துக்கு வேறு ஒரு பாரமும் உண்டு. போர் முடிந்த 2009 மே வரை சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கொண்டுபோன மோட்டார் சைக்கிள்கள் முள்ளிவாய்க்கால் பக்கம் ஆயிரக்கணக்கில் கைவிடப்பட்டன. எரிந்தும் துருவேறியும் குவியலாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்து இரும்பு கைமாறிக் கைமாறி எந்தக் கராஜிலும் வந்து நிற்கலாம். இலக்கம் அரைத்திருந்தாலோ மேலே புதிதாகக் குத்தியிருந்தாலோ, விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். பொலிஸ் பிரச்சினை ஒருபுறம். அதன் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு வீடு இன்னும் எங்கேயோ இருக்கக்கூடும்.

சரி, கழுத்தும் புத்தகமும் தேறிவிட்டன என்று வைப்போம். இனி எது என்ன என்று பார்க்கவேண்டும். டாங்கியில் உள்ள பெயரைப் படித்து முடிவெடுக்காதீர்கள். சொப்பரில் டாங்கி எந்த வண்டியில் இருந்தும் வந்திருக்கலாம். எஞ்சின்தான் பேசும். பிஎஸ்ஏ எம்20 ஒற்றைச் சிலிண்டர், சைட் வால்வ், 496 சீசீ. ஹெட் தட்டையாக இருக்கும். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய இராணுவத்துக்காக ஒரு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். போர்க்கால இலக்கம் டபிள்யூஎம்20 என்று தொடங்கும். பிஎஸ்ஏ பி31 என்றால் 348 சீசீ, வால்வ் மேலே, சிலிண்டர் பக்கத்தில் வால்வைத் தள்ளும் புஷ்றொட் போகும் குழாய் தெரியும். இரண்டிலும் கியர் வலது காலில், பிறேக் இடது காலில். ஹொண்டா சீடி200 என்றால் 194 சீசீ, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அதன் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் படலையடியில் வரும்போதே தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளம் நம்முடைய ஊருக்கே உரியது. போர்க்காலத்தில் பெற்றோல் தடை இருந்த ஆண்டுகளில் சின்னப் போத்திலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். அப்படி ஓடின எஞ்சினில் காபரேட்டருக்குப் பக்கத்தில் துளை போட்ட தடமோ, டாங்கியில் இரண்டாவது குழாயோ இருக்கலாம். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. மிஞ்சினது சிலிண்டர் சுவரைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். றிங்கும் பெயாரிங்கும் அதில்தான் போயின. எம்20இன் அழுத்த விகிதம் ஐந்துக்கு ஒன்று அளவுதான், அது எதையும் குடித்துவிட்டு ஓடும். அதைவிட மிகக் கூடின அழுத்தத்தில் ஓடும் ஹொண்டாவுக்கு அது பெரிய தண்டனை. எந்தப் பாதையை எடுத்தாலும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் செலவை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது சண்டைக்கு வருவோம். சொப்பராகவே வைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நன்றாக வெட்டிச் செய்த பழைய சொப்பர் அதுவாகவே ஒரு காலத்துச் சரக்கு. அமெரிக்காவில் போருக்குப் பிறகு மட்காட்டைக் குறைத்துப் பாரம் கழித்த வண்டிகள்தான் 1960களில் நீண்ட போக்கும் சாய்ந்த கழுத்துமாக மாறின. அந்தக் கோலத்தைப் பார்த்து, சாமான் கிடைக்காத ஊரில், கையில் இருந்த வெல்டிங் மெசினை நம்பி ஒருவர் இங்கே அதைச் செய்திருந்தால், அதையும் அழித்துவிட்டுப் புதுசாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் வன்னி றோட்டில் அது எப்படி ஓடும்? சாதாரண மோட்டார் சைக்கிளில் கழுத்தின் சாய்வு 26 முதல் 30 பாகை அளவில் இருக்கும். சொப்பரில் 40ஐயும் தாண்டும். சாய்வு கூடக்கூட, கழுத்தின் கோடு நிலத்தைத் தொடும் இடத்துக்கும் சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் கூடும். அதை வீட்டிலேயே அளக்கலாம். வண்டியை நேராக நிறுத்தி, கழுத்தின் வழியே ஒரு நூலை நிலம்வரை இழுங்கள். முன் அச்சில் இருந்து மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். இரண்டு புள்ளிக்கும் இடையே 100 மி.மீ. அளவு என்றால் வழமையான வண்டி. 150ஐத் தாண்டிப் போனால் ஏ9 நெடுஞ்சாலையில் கையை விட்டாலும் நேரே போகும். ஆனால் மெதுவாகத் திரும்பும்போது ஹாண்டில் தானாகவே ஒரு பக்கம் விழப் பார்க்கும். முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில், மணல் படிந்த கிரவல் பாதையில், மெல்லிய 21 இஞ்சி முன் ரயர் மணலுக்குள் புதைந்துகொண்டு நிற்கும். மாரி காலத்தில் நினைத்தே பார்க்கவேண்டாம். மாங்குளத்தில் ஒரு வயதான மெக்கானிக் சொன்னது: “தம்பி, உதில ஏ9இல போகலாம். வயலுக்குப் போறதெண்டால் நடந்து போறது சுகம்.” பின் ஷொக் இல்லாத வண்டியில் புதுக்குடியிருப்பு உள்பாதைகளில் ஓடினவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் முதுகெலும்பில் தெரியும்.

திருப்பும் பாதையில் இரண்டு வண்டிக்கும் கணக்கு முற்றாக வேறு. சீடி200க்கு போக், மட்காட், டாங்கி, சீற் எல்லாம் இலங்கையில் இன்னும் புழக்கத்தில் உண்டு. ஊரில் இல்லாவிட்டால் கொழும்பில் உதிரிச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடலாம். இங்கே வெட்டப்பட்ட ஹொண்டாக்களில் நான் பார்த்த வெல்டிங் பெரும்பாலும் மேலே பூச்சு, உள்ளே வெற்றிடம். அதைக் காப்பாற்ற ஒரு காரணமும் இல்லை. வெட்டியது பின்பக்கம் மட்டும் என்றால், நல்ல லேத்காரரும் நல்ல வெல்டரும் சேர்ந்து, இன்னொரு சீடியைப் பக்கத்தில் நிறுத்தி அளவெடுத்துத் திருப்பிவிடலாம்.

கழுத்தையே வெட்டியிருந்தால் கதை மாறும். வேறு சீடியின் செசியை வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றினால், சட்டப்படி உங்களிடம் இருப்பது அந்த மற்ற வண்டி. எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் புத்தகத்தில் பதியவும் வேண்டும். அப்படிச் செய்வதில் பிழை இல்லை. ஆனால் பழைய வண்டியைத் திருத்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பிஎஸ்ஏயில் எல்லாம் தலைகீழ். போர்க்கால எம்20க்குக் கொம்பனியிலேயே பின் ஷொக் இல்லை. ஆகவே சொப்பர் செய்தவர் பின்பக்கத்தில் வெட்ட அதிகம் இருந்திருக்காது. பெரும்பாலும் மட்காட்டைக் குறைத்து, இணைப்புச் சட்டங்களிலும் ஸ்பிரிங்கிலும் அசையும் பழைய கேர்டர் போக்கைக் கழற்றி, ஏதோ ஒரு ஜப்பான் போக்கைப் பூட்டியிருப்பார். திருப்ப வேண்டுமென்றால் அந்தக் கேர்டர் போக்கைத்தான் தேடவேண்டும், அதற்குத்தான் காசும் கண்ணீரும். இங்கிலாந்தில் இருந்து எடுப்பிப்பது ஒரு வழி, பிரதி சாமான் வாங்குவது இன்னொரு வழி. இரண்டும் வண்டியின் விலையையே எட்டிப் பிடிக்கும். கழுத்து வெட்டப்படாமல் இருந்தால் அவசரமே இல்லை. பூட்டினதைக் கழற்றலாம், சாமான் அகப்படும்போது சேர்க்கலாம். அதுவரை அப்படியே ஓடுங்கள். தானே தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மக்னீற்றோ நல்ல நிலையில் இருந்தால் பற்றரி செத்தாலும் ஸ்ராட் ஆகும், அது நம்முடைய ஊருக்குப் பெரிய வரம்.

பிஎஸ்ஏயில் கை வைக்கும் மெக்கானிக்குக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். ஒன்று, அந்த செசியின் மூட்டுகள் வார்ப்பு இரும்பில் குழாயைச் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டியவை. அதில் சும்மா ஆர்க் வெல்டிங் அடித்தால் பக்கத்திலேயே வெடிக்கும். இரண்டாவது, ஸ்பனர். பழைய உழவு இயந்திரம் பார்த்த கராஜ்களில் இஞ்சி ஸ்பனர் இருக்கும், அது போதும் என்று நினைப்பார்கள். பிஎஸ்ஏக்கு வேண்டியது விட்வேர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவு ஸ்பனர். அதில் எழுதியிருக்கும் அளவு நட்டின் தலையின் அகலத்தை அன்றி, போல்ட்டின் தடிப்பைக் குறிப்பது. பொருந்தாத ஸ்பனரைப் போட்டு மூலை தேய்ந்த நட்டுகளைக் கொண்டே, முன்பு எத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதை விசிறிகள் விரும்பமாட்டார்கள். கோலம் மட்டும் வேண்டும், தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகவேண்டும் என்றால், ஜப்பானில் இருந்து ரீகண்டிசனாக வந்த ஹொண்டா ரெபல் 250ஐயோ யமஹா விராகோ 250ஐயோ பாருங்கள். ரெபல் 1985இல் வந்தது, 234 சீசீ, சீடியின் உறவுக்கார எஞ்சின். விராகோ 249 சீசீ, வி வடிவ இரட்டைச் சிலிண்டர். ஜப்பான் உள்நாட்டு வண்டி என்பதால் செசியில் 17 எழுத்து இலக்கத்தைத் தேடவேண்டாம். ரெபலில் எம்சி13, விராகோவில் 3டிஎம் என்று தொடங்கிச் சுருக்கமாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே ரயர் அளவு, முன் 3.00-18, பின் 130/90-15. இரண்டுக்குள் எனக்கு ரெபல்தான், மெக்கானிக்குக்குப் புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை.

எந்தப் பாதையில் போனாலும், கழற்றும் நீண்ட போக்கை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். முழுக் குழாயாக இருந்தால் எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள், வாங்க ஆள் வருவார்கள். பழைய குழாயின் மேலே மரை போட்ட கட்டையைச் செருகி நீட்டியிருந்தால், அந்த மரையில்தான் முன் சில்லு முழுதும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை ஒருவருக்கும் விற்காமல் நடுவில் அறுத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள்.