லாக்கா, லாக்-ஃப்ரீயா? எதை எங்க எடுக்கறது

ஒரே ஹேஷ்மேப்ல (சாவியைக் கொடுத்தா மதிப்பைத் தர்ற அட்டவணை) எட்டு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே சமயத்துல ஓடற வேலைகள்) எழுதுதுன்னா மொதல்ல எல்லாரும் செய்யறது மொத்தத்துக்கும் ஒரே லாக், அதாவது ஒரு சமயத்துல ஒரு த்ரெட்டை மட்டும் உள்ள விடற பூட்டு, போடறதுதான், அதுல தப்பே இல்லைங்க, லாக்குக்குள்ள நடக்கற வேலை சின்னதா இருந்தா பல இடத்துல அதுவே போதும். ஆனா லாக்கை வெச்சிருக்கற த்ரெட்டை ஓஎஸ் நடுவுல நிறுத்திட்டா மத்த ஏழும் காத்துக் கெடக்கணும்.

அடுத்தது லாக்கைப் பிரிக்கறது. 2004-ல ஜாவா 5-ல வந்த கன்கரண்ட்ஹேஷ்மேப் மேப்பை வழக்கமா 16 துண்டாக்கி துண்டுக்கு ஒரு லாக் வெச்சுச்சு. ஜாவா 8-ல பக்கெட் (மேப்போட ஒரு அறை) காலின்னா சிஏஎஸ் (compare-and-swap, என்னன்னு கீழ சொல்றேன்), இல்லன்னா அந்த பக்கெட்டுக்கு மட்டும் லாக்னு மாத்திட்டாங்க. என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா ரெண்டு லாக்கை சேத்து எடுக்கற மாதிரி நீங்களே எழுதினா எப்பவும் ஒரே வரிசையில எடுங்க, இல்லன்னா டெட்லாக், அதாவது ஒருத்தர் லாக்குக்கு இன்னொருத்தர்னு ரெண்டு த்ரெட்டும் முடிவே இல்லாம காத்துக் கெடக்கும்.

லாக்-ஃப்ரீல சிஏஎஸ் மட்டும்தான், அதாவது நான் பாத்த மதிப்பே இன்னும் இருந்தா மாத்து, இல்லன்னா திரும்ப முயற்சி பண்ணு. யாரும் யாருக்காகவும் நிக்க வேண்டாம், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு ஸ்டாக்கை எடுத்துக்கோங்க, மேல ஏ, அதுக்கு கீழ பி. நான் ஏ-வை எடுக்கறதுக்காக அதைப் படிச்சு அடுத்தது பி-ன்னு குறிச்சுட்டு நிக்கறேன், அதுக்குள்ள இன்னொரு த்ரெட் ரெண்டையும் எடுத்து பி-யோட மெமரியை ஃப்ரீ பண்ணிட்டு ஏ-வை மட்டும் திரும்ப வெச்சுடுது. மேல அதே ஏ இருக்கறதால என் சிஏஎஸ் ஜெயிச்சுடும், ஸ்டாக்கோட தலை இப்ப செத்துப்போன பி! இதுதான் ஏபிஏ சிக்கல். சி++-ல ஹசார்டு பாயிண்டர் (இந்த மெமரியை நான் பாத்துட்டிருக்கேன், ஃப்ரீ பண்ணாதேன்னு மத்த த்ரெட்டுக்குச் சொல்ற குறி) மாதிரி ஏதாவது வெச்சே ஆகணும், அதனால தயவுசெஞ்சு இதை நீங்களா எழுதாதீங்க, நல்லா அடிபட்ட லைப்ரரியை எடுங்க.

பல மெஷின்னு வந்தா கதையே வேற. நேரக்கெடு வெச்ச லாக்கை வாங்கின மெஷின் ஜிசி-ல (வேண்டாத மெமரியைத் தானா கழிக்கற வேலை) உறைஞ்சு நின்னா கெடு முடிஞ்சு லாக் இன்னொருத்தருக்குப் போயிடும், பழைய ஆள் முழிச்சதும் தெரியாம எழுதிடுவான். இதைத் தடுக்க, லாக்கைக் கொடுக்கற ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டே போற ஒரு நம்பர் கொடுத்து, பழைய நம்பரோட வர்ற எழுத்தை ஸ்டோரேஜே திருப்பி அனுப்பணும். ராஃப்ட்ல (பல மெஷின் ஒரே முடிவுக்கு வர்ற ஒரு முறை) பெரும்பான்மை சம்மதிச்சாத்தான் எழுத்து செல்லும், 5 மெஷின்ல 2 விழுந்தாலும் ஓடும், ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் நெட்வொர்க்ல போயிட்டு வரணும். சிஆர்டிடி-ல (மோதல் இல்லாம இணையற மாதிரி அமைச்ச டேட்டா வகை) அவங்கவங்க உடனே எழுதிக்கலாம், பின்னாடி இணைச்சா எல்லாருக்கும் ஒரே விடைதான். லைக் எண்ணிக்கைக்கு அது அருமை. கடைசி ஒரு டிக்கெட்டை ரெண்டு பேருக்கு வித்துடக்கூடாதுன்னா ராஃப்ட்தான்.