நியூபோர்ட் மாளிகைகளில் கிறிஸ்துமஸ்: பெரிய வீடு பிரேக்கர்ஸ், பிடித்த வீடு எல்ம்ஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரே ஒரு நாள்தான், கூட வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் உண்டு என்றால் இரண்டு வீடு போதும். பிரேக்கர்ஸ், மார்பிள் ஹவுஸ், எல்ம்ஸ் என்று மூன்று வீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினால் லாபம் என்று கணக்குப் போட்டுத்தான் நானும் வாங்கினேன். மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது அம்மாவுக்கு முழங்கால் வலி, நாலு வயதுப் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான், எந்தக் கிறிஸ்துமஸ் மரத்தை எந்த வீட்டில் பார்த்தோம் என்று எனக்கே குழம்பிவிட்டது. அந்த லாபம் அங்கேயே போய்விட்டது.

நியூபோர்ட் இருப்பது ரோட் ஐலண்டில். பாஸ்டன் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் பணக்காரர்கள் கடற்காற்று வாங்கக் கட்டிக்கொண்ட வீடுகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. அவர்கள் பாஷையில் இதெல்லாம் 'காட்டேஜ்', அதாவது குடில். பிரேக்கர்ஸ் என்ற குடிலில் 70 அறைகள். இந்த வீடுகளில் பலவற்றை 1945-இல் தொடங்கிய நியூபோர்ட் கவுண்டி பாதுகாப்புச் சங்கம் பராமரிக்கிறது, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 1 வரை கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்து திறந்து வைக்கிறது. டிசம்பர் 25 அன்று பூட்டு. அன்றைக்குக் கிளம்பிப் போய் ஏமாந்துவிடாதீர்கள்.

பிரேக்கர்ஸின் பெரிய கூடத்தில் நின்று மேலே பார்த்துவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "இவ்ளோ பெரிய வீட்டுல கிறிஸ்துமஸுக்கு எத்தனை பேரைக் கூப்பிட்டிருப்பாங்க?" நல்ல கேள்வி. பதில்: ஒருத்தரையும் இல்லை. இவை கோடை வீடுகள். ஜூலை, ஆகஸ்டில் சில வாரம் வந்து விருந்தும் நடனமுமாக இருந்துவிட்டு, குளிர் எட்டிப் பார்க்கும் முன்பே நியூயார்க் திரும்பிவிடுவார்கள். டிசம்பரில் இங்கே இருந்தது காவல்காரரும் மூடி வைத்த நாற்காலிகளும்தான். ஆக நாம் பார்ப்பது இந்த வீட்டைக் கட்டிய வாண்டர்பில்ட் குடும்பம் கொண்டாடிய கிறிஸ்துமஸ் இல்லை, இப்போது நமக்காக அடுக்கி வைத்த கிறிஸ்துமஸ். அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப கொலு மாதிரின்னு சொல்லு" என்றார். அப்படியே பொருந்துகிறது. தட்டு, கரண்டி, கிண்ணம், மெழுகுவர்த்தி எல்லாம் வைத்து விருந்து மேசை தயார், உட்காரத்தான் ஆளில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

சரி, அலங்காரம் எப்படி? கூடத்தின் நடுவில் 15 அடி உயரத்தில் ஒரு மரம், ஆனால் அது ஃபிர் மரம் இல்லை. 150-க்கும் மேற்பட்ட பாயின்செட்டியாத் தொட்டிகளைக் கூம்பாக அடுக்கி உண்டாக்கிய செக்கச்செவேல் மரம். கூடமே கிட்டத்தட்ட 50 அடி உயரம், சுற்றிலும் வெளிர் நிறக் கல், அதற்கு நடுவில் அந்தச் சிவப்பு. படத்தில் பார்த்தபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, நேரில் கதவைத் தாண்டியதும் கொஞ்ச நேரம் நகர முடியவில்லை. அம்மா குன்னூரில் வளர்ந்தவர். "இது நம்ம ஊர் வேலிச் செடிடா! இதுக்கா டிக்கெட்டு!" என்று சொல்லிவிட்டு, அப்புறம் மகளைப் பக்கத்தில் இழுத்து, சிவப்பாக இருப்பது பூ இல்லை, இலைதான் சிவந்திருக்கிறது, நடுவில் மஞ்சளாகக் குட்டிக் குட்டியாக இருக்கிறதே அதுதான் பூ என்று காட்டினார். அந்த விளக்கத்தை ஆடியோ கைடு சொல்லவில்லை. செடிகள் எல்லாம் சங்கத்தின் சொந்தக் கண்ணாடி வீடுகளிலேயே வளர்ந்தவை என்று தெரிந்ததும் அம்மாவுக்கு மரியாதை கூடிவிட்டது.

வீட்டின் கதையும் சுருக்கமாக. முதலில் இங்கே இருந்த மரவீடு 1892-இல் எரிந்துபோனது. இரண்டாம் கார்னீலியஸ் வாண்டர்பில்ட், ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்து 1893-இல் ஆரம்பித்து 1895-இல் இந்தக் கல்வீட்டை முடித்தார். தீப்பயம் விடவில்லை, அதனால் சமையலறையைத் தனிப் பகுதியாக ஒதுக்கினார்கள். அடுத்த வருடமே அவருக்குப் பக்கவாதம், 1899-இல் இறந்துவிட்டார். நாலே வருடம். 1948-இல் அவருடைய மகள் வருடத்துக்கு 1 டாலர் வாடகைக்கு வீட்டைச் சங்கத்துக்குக் கொடுத்தார், 1972-இல் சங்கம் 3,65,000 டாலருக்கு விலைக்கே வாங்கியது. இன்றைக்கு பாஸ்டன் பக்கம் அந்தக் காசுக்கு ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட் தேடினாலே தரகர் சிரிப்பார்.

சாப்பாட்டு அறையில் இளஞ்சிவப்பு அலபாஸ்டர் கல் தூண்கள் 12, மேலே பக்கராட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கண்ணாடிச் சரவிளக்குகள். அழகுதான், கண்ணைக் கொஞ்சம் கூசவும் வைக்கிறது. எனக்குப் பிடித்தது காலை அறை. சுவர்ப் பலகைகள் வெள்ளித் தகடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்களாம், இத்தனை வருடமாகியும் கறுக்கவே இல்லையே என்று சோதித்துப் பார்த்தால் பிளாட்டினம். "தேய்க்கிற வேலை மிச்சம்" என்றார் என் மனைவி.

அப்பா விஷயம் வேறு. அவர் குடிநீர் வாரியத்தில் 30 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மரம், ரிப்பன், மணி எதுவும் அவரை அசைக்கவில்லை. மாடியில் குளியலறை வந்ததும் நின்றுவிட்டார். தொட்டிக்கு நல்ல தண்ணீர் தனி, கடலிலிருந்து வரும் உப்புத் தண்ணீர் தனி, இரண்டிலும் சூடும் உண்டு பச்சையும் உண்டு. ஒரே பளிங்குப் பாறையில் குடைந்த தொட்டி என்பதால், கல்லின் குளிர் போவதற்குச் சுடுதண்ணீரைப் பல முறை நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகுதான் குளிக்கவே முடியுமாம். அப்பா குனிந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மாம்பலம் வீட்டுல நமக்கும் நல்ல தண்ணிக் குழாய், உப்புத் தண்ணிக் குழாய் ரெண்டும் இருந்துது. நம்மளை எவன் கோடீஸ்வரன்னு சொன்னான்?" என்றார். அந்த நாளின் சிறந்த விமர்சனம் அதுதான்.

பிள்ளைகளுக்கு: போனில் ஆப் இறக்கிக்கொண்டு, ஹெட்போன் கொண்டு போய்விடுங்கள். சிறுவர்களுக்கென்று தனிக் கதைசொல்லல் இருக்கிறது, எட்டு வயது மகள் அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அதோடு நாங்களாகவே ஒரு விளையாட்டு வைத்தோம். வாண்டர்பில்ட் குடும்பத்தின் சின்னம் ஓக் கொட்டை. விதானம், தூண், விளக்கு, மாடிப்படிக் கம்பி என்று வீடு முழுக்க அது செதுக்கியிருக்கிறது. யார் அதிகம் கண்டுபிடிப்பது என்று சொன்னதுதான் தாமதம், மரங்களைப் பார்க்க வந்தவள் மரங்களை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டே நடந்தாள். 41 வரை எண்ணினாள். 41-ஆவதை அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு காட்டியபோதுதான், அத்தனை நேரம் அதன் பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

மதியச் சாப்பாடு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. துறைமுகப் பக்கம் ஒரு உணவகத்தில் இறைச்சி வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியும் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு மிதந்தது, திருப்பி அனுப்பினால் துண்டை மட்டும் பொறுக்கிவிட்டு அதே கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா அம்மா இருவரும் காரில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டார்கள். சைவக் குடும்பம் என்றால் கையில் எடுத்துப் போவதே உத்தமம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் மார்பிள் ஹவுஸ். இதைத்தான் விட்டுவிடலாம் என்கிறேன், கதை தெரிந்தவர்கள் மட்டும் விடாதீர்கள். கார்னீலியஸின் தம்பி வில்லியம் வாண்டர்பில்ட் தன் மனைவி ஆல்வாவின் 39-ஆவது பிறந்தநாளுக்குக் கொடுத்த பரிசு. 1892-இல் முடிந்தது, செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர், அதில் 70 லட்சம் பளிங்குக்கு மட்டும். மூன்றே வருடத்தில் விவாகரத்து. வீடு ஆல்வாவின் பெயரில் இருந்தது, அவர் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் இன்னொரு மாளிகைக்குப் போய்விட்டார், இந்த வீட்டைத் துணி துவைக்க மட்டும் வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பிற்பாடு பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு இதே வீட்டில் கூட்டம் நடத்தியதும் இவர்தான். மகளை இங்கிலாந்துப் பிரபுவுக்குக் கட்டாயமாகக் கட்டிவைத்ததும் இவர்தான். அம்மா இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அலங்காரம் என்று பார்த்தால், நடன அறை ஏற்கெனவே மேலிருந்து கீழ்வரை தங்கம், அதற்குள் எந்த மரத்தை வைத்தாலும் எடுபடவில்லை. நகை போட்ட கழுத்தில் இன்னொரு நகை.

கடைசியாக எல்ம்ஸ். நாங்கள் செய்த தப்பு இதைக் கடைசியில் வைத்தது. முதலில் இங்கே போங்கள். நிலக்கரி வியாபாரி எட்வர்ட் பெர்விண்ட் 1901-இல் கட்டி முடித்த வீடு, செலவு 14 லட்சம் டாலர், ஒரு பிரெஞ்சு மாளிகையைப் பார்த்துக் கட்டியது. பிரேக்கர்ஸ் அளவுக்குப் பிரமாண்டம் இல்லை, அதுதான் இதன் நல்ல குணம். மரமும் அறையும் ஒன்றுக்கொன்று அளவாக இருக்கின்றன. மேசைக்குப் பக்கத்தில் நின்றால் இங்கே யாரோ சாப்பிட உட்காரப்போகிறார்கள் என்று நம்பத் தோன்றுகிறது. தோட்டத்தைப் பார்த்த ஜன்னல்கள் பெரியவை, டிசம்பர் மூன்று மணி வெயில் சாய்வாக உள்ளே விழும்போது மரத்தில் தொங்கிய கண்ணாடி உருண்டைகள் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் அடித்தன. சின்னவன் அந்தப் புள்ளிகளைப் பிடிக்க ஓடினான், பணியாளர் அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே அவனைக் கயிற்றுக்கு வெளியே நகர்த்தினார்.

ஆனால் எல்ம்ஸில் அப்பாவையும் என்னையும் பிடித்து வைத்தது வேலைக்காரர்கள் இருந்த பகுதி. அதற்குத் தனி டிக்கெட், படிகள் அதிகம், அதனால் அம்மாவும் பிள்ளைகளும் வரவில்லை. நிலக்கரியிலேயே சம்பாதித்த மனிதர், தன் வீட்டுக்கு நிலக்கரி வருவதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று தோட்டத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி, தண்டவாளம் போட்டு, சின்ன வண்டியில் கொதிகலன் அறைக்குக் கொண்டுவந்திருக்கிறார். வேலைக்காரர்களின் அறைகள் மூன்றாவது மாடியில், வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒரு மாடி இருப்பதே தெரியாதபடி கூரைச் சுவருக்குப் பின்னால் மறைத்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு இரண்டு மாடி வீடு, வேலை செய்தவர்களுக்குக் கீழ்த்தளங்களோடு சேர்த்து ஐந்து மாடி ஏற்றம். கீழே கொதிகலன்களைப் பார்த்ததும் அப்பா கைடிடம் வால்வு பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார், நான்தான் மொழிபெயர்ப்பு. 'கேட் வால்வு' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, இருவரும் நேரடியாகவே பேசிக்கொண்டார்கள்.

இந்த வீட்டுக்கும் ஆபத்து வந்தது. பெர்விண்டின் தங்கை ஜூலியா 1961-இல் இறந்ததும் சாமான்கள் ஏலத்துக்குப் போயின, வீட்டை இடித்துவிட்டு வேறு கட்ட ஆள் தயார். 1962-இல் இடிப்பதற்குச் சில வாரம் இருக்கும்போது சங்கம் 1,16,000 டாலர் கொடுத்து மீட்டது. கட்டிய செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

போவதற்கு முன் சில விஷயம். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுவது நல்லது. பிரேக்கர்ஸில் லிஃப்ட் உண்டு, முழங்கால்காரர்கள் தயங்காமல் கேளுங்கள். பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். வெளியே அட்லாண்டிக் காற்று கன்னத்தில் அறையும், அம்மா புடவைக்குள் கம்பளிக் கால்சட்டை, மேலே என் பழைய ஜாக்கெட், தலையில் மஃப்ளர் என்று எவரெஸ்ட் ஏறுபவர் மாதிரி இருந்தார், ஆனால் அவருக்கு மட்டும்தான் குளிரவில்லை. இரவில் பிரேக்கர்ஸ் தோட்டத்தில் விளக்கு அலங்காரம் உண்டு, எல்லா நாளும் இல்லை, டிக்கெட்டும் தனி. அதற்குள் எங்கள் சின்னவன் காரில் தூங்கிவிட்டான், பார்க்கவில்லை.

கிளம்பும் முன் கடையில் மகள் ஓக் கொட்டை வடிவத்தில் ஒரு தொங்கட்டான் வாங்கினாள். அது 42 என்று எண்ணிக்கையில் சேருமா சேராதா என்று தாத்தாவும் பேத்தியும் பாஸ்டன் வரும் வரை சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.