பெடல் பின் நசுங்கினால் கழற்ற வருமா? மூன்று வருடம் ஓட்டிய பிளாட் பெடல்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு ஷாஃப்ட் கடைவதுதான் தொழில். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னாலேயே மச்சானும் நானும் சைக்கிள்களைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி ஏறிவிடுவோம். தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டம், அவர் சம்மதத்தோடு அதற்குள்ளேயே ஓட்டுகிறோம். வனத்துறை எல்லைக்குள் போவதில்லை. மேலே இருந்து இலை எடை போடும் கொட்டகை வரைக்கும் இறக்கம்தான். வழியில் சில்வர் ஓக் வேர்கள், மழை பெய்தால் சோப்பு தடவிய மாதிரி ஆகிவிடும் செம்மண், கடைசியில் கருங்கல் துருத்திக்கொண்டிருக்கும் பழைய வண்டிப்பாதை. பெடலுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வேண்டாம்.

இந்தப் பாதையில் மூன்று வருடமாக என் காலுக்குக் கீழே இருப்பது ரேஸ்ஃபேஸ் செஸ்டர். பிளாட் பெடல், அதாவது ஷூவைப் பூட்டாமல் மேலே வைத்து மட்டும் மிதிக்கிற தட்டைப் பெடல். ஷூ வழுக்காமல் பிடித்துக்கொள்ள அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இரும்பு முனைகளைத்தான் பின் என்கிறோம். நைலான் உடம்பு, குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகு ஆக்ஸில், அதாவது அச்சு, ஒரு பக்கத்துக்கு 8 பின், கழற்றி மாற்றக்கூடியவை. ஜோடி 350 கிராமுக்கு முன்பின் வரும். இதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், இதற்கு முந்தைய ஜோடி எப்படிச் செத்தது என்று சொல்ல வேண்டும். நான் பெடலில் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான்.

அது ஆன்லைனில் வாங்கிய அலுமினியப் பெடல். சிவப்பு அனோடைஸ், பளபளப்பு, ஒரு பக்கத்துக்கு 10 பின். பெயர் வேண்டாம், அதே மாதிரி வார்ப்பில் இருபது பெயரில் விற்கிறார்கள். பின் என்பது வேறொன்றுமில்லை, எம்4 கிரப் ஸ்க்ரூ, தலையில்லாத 4 மில்லி ஸ்க்ரூ. அதை மேலிருந்து முறுக்கி இறக்கியிருந்தார்கள். ஆலன் கீ நுழைகிற அறுகோணக் குழி மேல் முனையிலேயே இருக்கும். கருங்கல்லில் பெடல் ஒரு தட்டு தட்டினால் முதலில் நசுங்குவது அந்தக் குழிதான். குழி நசுங்கினால் கீ நுழையாது, கீ நுழையாவிட்டால் பின் வெளியே வராது. இரண்டாவது மாதமே ஐந்து பின் மொட்டையாகிவிட்டது. நான் 3.3 மில்லி டிரில் போட்டு எடுத்து, மரை வெட்டும் டேப் ஓட்டி, வேறு கிரப் ஸ்க்ரூ போட்டேன். இரண்டு துளையில் மரை போயே போய்விட்டது. பட்டறை வைத்திருப்பதால் இந்த அளவுக்காவது முடிந்தது. மற்றவர்கள் தூக்கித்தான் போட வேண்டும்.

ஒரு நவம்பர் காலை, இரவெல்லாம் பெய்து விட்டிருந்தது. வேர் மேல் ஏறும்போது மொட்டைப் பின் இருந்த பக்கம் கால் வழுக்கியது, பெடல் ஒரு சுற்று சுற்றி முழங்காலுக்குக் கீழே எலும்பு மேலேயே அடித்தது. மூன்று தையல். தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தேன், இனி பெடல் வாங்கினால் முதலில் புரட்டிப் பார்ப்பது பின்னின் அடிப்பக்கத்தைத்தான் என்று.

செஸ்டரில் பின் அடியிலிருந்து ஏறுகிறது. பெடலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பிடித்தால் தெரியும். மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், உடம்புக்குள் புதைந்த மாதிரி, கருவி பிடிக்கிற இடம். கல்லுக்கு அது எட்டாது. மேல் முனை எப்படி நசுங்கினாலும் அடியிலிருந்து திருப்பிக் கழற்றிவிடலாம். ஒருவேளை முனை கொஞ்சம் அகன்று போயிருந்தால் ஒரு அரம் எடுத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கழற்றுவேன், இல்லையென்றால் வருகிற வழியில் மரையைக் கிழித்துவிடும். மூன்று வருடத்தில் ஆறு பின் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

நைலான் என்றதும் எனக்கும் மனசு ஒப்பவில்லை. நாளெல்லாம் இரும்பைப் பிடிக்கிறவன் பிளாஸ்டிக் மேல் ஏறி நின்று மலை இறங்குவதா என்றிருந்தது. ஓட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அலுமினியம் கல்லில் பட்டால் கடித்துப் பிடிக்கும், சைக்கிள் ஒரு வெட்டு வெட்டும். நைலான் பட்டால் வழுக்கிக்கொண்டு தாண்டிவிடுகிறது. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கீறல், அங்கங்கே பிசிறு. பிசிறை பிளேடால் சீவிவிடுகிறேன். கீறலோடு சரி, இதுவரை விரிசல் இல்லை. எடையைத் தாங்குவது நடுவில் இருக்கும் எஃகு ஆக்ஸில்தானே, உடம்பு காலுக்கு ஒரு மேடை, அவ்வளவுதான். விலை முந்தைய ஜோடியைப் போல நாலு மடங்கு கொடுத்தேன். ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று வகுத்தால் இதுதான் மலிவு.

பிடிப்பு விஷயத்தில் பின் எண்ணிக்கையை வைத்து ஏமாற வேண்டாம். பழைய ஜோடியில் 10, இதில் 8. பிடிப்பு இதில்தான் அதிகம், காரணம் பின் ஒல்லியாக, ஓரம் கூர்மையாக, முன்னும் பின்னும் விளிம்பில் நிற்கிறது. நடுவில், ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருக்கும் பின்கள் உயரமாக இருந்தால் ஷூவைத் தூக்கிப் பிடித்துவிடும், விளிம்புப் பின் அடியில் பதியாது. வாங்கும் முன் பெடலின் குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் நல்லது, அந்தக் குழிவில் பாதம் உட்கார்ந்துகொள்ளும். நடுப் பின் ஸ்கேலைத் தூக்கி ஆட்டினால், அந்தப் பின்னைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். பல பெடலில் இதுவே போதும். மச்சானுடையது ஷிமானோ எக்ஸ்டி, எம்8140. வார்ப்பிலேயே குழிவு உண்டு. அவன் 10 நம்பர் ஷூ போடுகிறவன். அந்தப் பெடல் இரண்டு அளவில் வருகிறது, பெரியதை வாங்கியிருக்கிறான். கிராங்க் பிரதர்ஸ் ஸ்டாம்ப் பெடலிலும் அப்படித்தான், ஐரோப்பிய அளவில் 37 முதல் 43 வரை சின்னது, 43 முதல் 49 வரை பெரியது. எனக்கு 7 நம்பர் கால், பெரிய பெடல் போட்டால் கல்லில் இடிக்கத்தான் கூடுதல் அகலம். செஸ்டரின் 110-க்கு 101 மில்லி போதும்.

ஆனால் எந்தப் பெடல் வாங்கினாலும், ரன்னிங் ஷூ போட்டுக்கொண்டு ஏறினால் காசு வீண். ஆரம்பத்தில் நான் அப்படித்தான் ஓட்டினேன். அந்த அடி நுரை மாதிரி அமுங்கும், பாதம் பெடலைச் சுற்றி வளையும், பத்து நிமிடத்தில் உள்ளங்கால் வலிக்கும். டிரெக்கிங் ஷூவில் கட்டை கட்டையாக அடி, பின் எந்தக் கட்டையில் உட்காருவது என்று தெரியாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். தட்டையான ரப்பர் அடி வேண்டும். ஃபைவ் டென் ஷூவை இதற்கு எல்லோரும் சொல்வார்கள். அது பாறை ஏறுபவர்களுக்காக 1985-ல் தொடங்கிய கம்பெனி. பாறையில் ஒட்டுவதற்காகச் செய்த ஸ்டெல்த் ரப்பர்தான் பெடலிலும் ஒட்டுகிறது. எனக்கு என் அளவில் கிடைக்கவில்லை, வேன்ஸ் போட்டு ஓட்டுகிறேன். அதன் அடியில் கட்டம் கட்டமாக இருக்கும் வாஃபிள் ரப்பரில் பின் போய்ப் பூட்டிக்கொள்கிறது. மழையில் நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும் என்பதுதான் தொல்லை.

பேரிங். கடையில் புதுப் பெடலைச் சுண்டிவிட்டு, ஃபேன் மாதிரி சுற்றுகிறது பாருங்கள் என்று காட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். சீல் இறுக்கமாகவும் கிரீஸ் நிறையவும் இருந்தால் புதுப் பெடல் ஒரு சுற்றோடு நின்றுவிடும், அதுதான் தண்ணீரைத் தடுக்கும். ஓடை தாண்டுகிற ஆளுக்கு அதுதான் வேண்டும். மாதம் ஒருமுறை பெடலைக் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) பக்கமும் வெளிப்பக்கமுமாக ஆட்டிப் பார்க்கிறேன். டக் டக் என்று ஆட்டம் கேட்டால் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதைத் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செஸ்டரை மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை திறந்து துடைத்து கிரீஸ் வைக்கிறேன், இதுவரை ஆட்டம் இல்லை.

மாட்டும்போது ஒன்று. இரண்டு பக்கமும் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஆனால் இடது பெடலுக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் முறுக்க வேண்டும். எங்கள் பட்டறைப் பையன் இதை நம்பவில்லை. தளர்வாக மூடிய கைக்குள் ஒரு பென்சிலைச் செருகி, வெளி முனையை வட்டமாகச் சுற்றச் சொன்னேன். கைக்குள் பென்சில் எதிர்த்திசையில் உருண்டது. ஓட்டும்போது ஆக்ஸிலும் கிராங்குக்குள் அப்படித்தான் உருளப் பார்க்கும், இடது பக்கம் சாதாரண மரை என்றால் தானே கழன்றுவிடும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள். அலுமினியக் கிராங்கும் எஃகு ஆக்ஸிலும் மழையில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால் இரண்டு அடி பைப் போட்டால்தான் அசையும். 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும்.

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் போட்டால்தான் வேகம் வரும், பிளாட் என்பது பழகுகிறவர்களுக்கு என்று சொல்பவர்களுக்கு ஒரே பெயர்: சாம் ஹில். ஆஸ்திரேலியர். எண்டூரோ வேர்ல்டு சீரிஸ் என்ற மலைச் சைக்கிள் பந்தயத் தொடரில் 2017, 2018, 2019 மூன்று வருடமும் ஒட்டுமொத்தப் பட்டம், மூன்றும் பிளாட் பெடலில்.

போன வாரம் கொட்டகைக்கு முந்தைய திருப்பத்தில் இடது பெடல் கல்லில் இடித்து, முன் ஓரத்தில் ஒரு பின் சாய்ந்துவிட்டது. மேசை டிராயரில் இன்னும் நான்கு பின் இருக்கிறது. சனிக்கிழமை பட்டறை பூட்டும் முன் மாற்றிவிடுவேன்.