விறகுச் சாய்ப்பு: ஆறு மழைக்காலம் பார்த்த பிறகு

எங்கள் ஊர் திருமங்கலத்திலிருந்து டி.கல்லுப்பட்டி போகும் வழியில், கரிசல் காட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டில் கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் கறிக்குழம்புக்கும் விறகடுப்புதான். அப்பத்தா இருக்கும்வரை அதில் மாற்றம் வராது.

2017ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது, சுற்றுவட்டாரக் கண்மாய்களில் எல்லாம் வெட்டிக் குவித்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு குட்டியானை லோடு வாங்கிப் போட்டேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டி மூடியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஐப்பசி மழை முடிந்து பிரித்தால், மேல்விறகு நனையவே இல்லை, ஆனாலும் பூஞ்சை. தார்ப்பாய்க்குள் வேர்த்தே ஊறியிருக்கிறது. அடிவரிசையைத் தூக்கினால் பாதி கையில் வந்தது, மீதி கரையான் மண். சுவரை ஒட்டிச் சரிவான கூரையாகச் சாய்ப்பு இறக்கும் யோசனை அப்போதுதான் வந்தது. 2019 ஆவணியில் இறக்கினேன்.

அடுப்படி எங்களுக்கு அக்னி மூலையில். அதனால் வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டியே போட்டோம். வசதிக்காகச் செய்தது வேறு வகையிலும் நல்லதாகிவிட்டது. இங்கே பெருமழை வடகிழக்கிலிருந்து அடிப்பது, வீடே அதை மறைத்துவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் வெயில் தெற்கே சாய்வதால் விறகின் மேல் நேராக விழுகிறது. கிழக்குச் சுவரில் இறக்கியிருந்தால் சாரலிலேயே பாதி விறகு போயிருக்கும்.

அளவு 12 அடி நீளம், 6 அடி அகலம். சுவர்ப்பக்கம் 8 அடி உயரம், முன்பக்கம் ஆறரை. சுவரில் ஆங்கிள் பட்டையை ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கினோம். முன்னால் நாலு கல்லுக்கால், கம்பம் பக்கம் திராட்சைப் பந்தல் பிரித்த தோட்டத்திலிருந்து வந்தவை. குறுக்கே, சொந்தக்காரர் இடித்த ஓட்டு வீட்டின் பனங்கைகள். வைரம் பாய்ந்த பனை, ஆணி அடித்தால் ஆணிதான் வளைகிறது. ஆறு வருஷத்தில் கரையான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மேலே எட்டடி கலர் ஷீட் நாலு. கூலியோடு 14,000 ரூபாய்க்குள் முடிந்தது.

மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் வைத்து அடைக்கத்தான் முதலில் நினைத்தேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "ஏய்யா, வெறகுக்கு ரூம்பு கட்டி ஏசியும் மாட்டப் போறியா?" என்றது. கோபம் வந்தது. ஆனால் தார்ப்பாய்க் கதை ஞாபகம் வந்ததும் பிளாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டேன். முன்பக்கமும் கிழக்கும் திறப்பு, மேற்கில் மட்டும் இடைவெளி விட்டு அடித்த சட்டம். ஆடிக்காற்று அதற்குள் புகுந்து கிழக்கே போகிறது. பச்சையாக அடுக்கிய புளிய விறகுகூட ஆடி முடியும்போது முனையில் வெடிப்பு விட்டுவிடும். இரண்டு கட்டையைத் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். தொம்மென்று கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சரி, தப்பானவற்றுக்கு வருகிறேன்.

முதல் மழையிலேயே சுவரும் ஷீட்டும் சேருமிடத்தில் ஒழுகியது. கொத்தனார் வெறும் சிமெண்ட் கலவையைப் பூசிவிட்டுப் போயிருந்தார். வெயிலில் தகரம் நீண்டு சுருங்கும்போது அந்தப் பூச்சு பிளக்காமல் என்ன செய்யும்? தண்ணீர் சுவர் வழியே இறங்கி அடுப்படிக்குள் ஓதம் காட்டியது. பிறகு சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகரப் பட்டையின் ஒரு விளிம்பை அதற்குள் சொருகிப் பூசி, மறு விளிம்பை ஷீட்டின் மேல் சும்மா படியவிட்டோம். ஆணி அடிக்கவில்லை. அதன்பின் ஒரு சொட்டு இல்லை.

அடுத்தது கல். "தம்பி, கரிசல்ல ரெண்டடி பத்தாது, சுக்கான் தட்டுற வரைக்கும் போகணும்" என்று குழி தோண்ட வந்த பெரியவர் சொன்னார். சுக்கான் என்பது கரிசலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான சுண்ணாம்புப் படிவு. நான் அவசரப்பட்டேன். மூன்று கால்கள் தப்பித்துவிட்டன. குளிக்கிற தண்ணீர் போகும் பக்கத்துக் கால் மட்டும், மண் மழைக்கு உப்பி, கோடைக்கு வெடித்து, மூன்றாவது வருஷம் ஒரு சாண் சாய்ந்துவிட்டது. சுக்கான் வரை தோண்டி அடியில் ஜல்லி கான்கிரீட் போட்டு அதே கல்லை நிறுத்தினோம். பெரியவர் எதுவும் சொல்லவில்லை, சிரித்தார்.

எல்லாவற்றையும்விட அதிகம் படித்தது தரையில்தான். ஆரம்பத்தில் மூன்று அங்குலச் சட்டத்தைத் தரையில் கிடத்தி அதன்மேல் அடுக்கினேன். அந்த இடுக்கில் தவளை வந்தது, எலி வந்தது, பின்னாலேயே ஒருநாள் விடிகாலையில் கட்டுவிரியன். அப்பத்தா இருட்டில் கைவிட்டு விறகு உருவுகிற ஆள். கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது என்பதுதான் அதில் பயமே. மறுநாளே எல்லாவற்றையும் பிரித்து, ஹாலோ பிளாக் மேல் பலகைக்கல் பரப்பினேன். பிளாக்கின் ஓட்டைகளில் தேள் குடியேறியது. அப்புறம் சாலிட் பிளாக்குக்கு மாறினேன். இப்போது அடியில் எட்டு அங்குலம் காலி. விளக்குமாறு தாராளமாக நுழையும், டார்ச் அடித்தால் மறுபக்கம் தெரியும். பல்பும் ஒன்று போட்டாயிற்று. விறகைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அடுக்குகிறோம். சுவரில் கரையான் கோடு ஏறினால் அப்போதே கண்ணில் படும்.

சீமைக்கருவேலத்தில் வண்டு துளைத்து மாவு கொட்டுவதற்கு மட்டும் சாய்ப்பு மருந்தில்லை. பழையதை முதலில் எரித்துவிடுவதுதான் வழி. அதனால் கிழக்கே எடுப்பு, மேற்கே அடுக்கு என்று வைத்திருக்கிறோம்.

போன வருஷம் ஸ்க்ரூவின் ரப்பர் வாசர்கள் வெயிலில் வெடித்துவிட்டன. எல்லாவற்றையும் மாற்றினேன். ஆடிக்காற்றில் படபடத்த மேற்கு ஓரத்துக்குக் கூடுதலாக ஆறு ஸ்க்ரூ. துரு எங்கும் இல்லை.

இப்போதைக்கு மீதி இருக்கிற ஒரே தொல்லை, முன்பக்கம் ஷீட்டிலிருந்து கொட்டும் தண்ணீர். கரிசலில் நீளமாக வாய்க்கால் பறித்து, கல்லுக்காலின் அடியையும் அரிக்கிறது. பிவிசி பைப்பை நெடுக்காகப் பிளந்து தூம்பு கட்டலாம் என்றிருக்கிறேன். அதுவரை உடைந்த ஓடுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறேன். கோழி தினமும் அதைக் கிளறிப் போடுகிறது, நான் தினமும் அடுக்குகிறேன்.