வர்ஜீனியா 2019: பர்டூ ஆட்டமா, ஆபர்ன் ஆட்டமா?

வர்ஜீனியா கோப்பை வென்ற 2019 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து) தொடரில் ஒரே ஓர் ஆட்டம் பார்க்கத்தான் நேரம் என்றால், எது?

முடிவு: பர்டூவுடன் கூடுதல் நேரத்தில் 80-75, அரையிறுதியில் ஆபர்னுடன் 63-62.

கடைசி நொடி: பர்டூவுடன், தவறிய ஃப்ரீ த்ரோவை (தடுப்பார் இல்லாமல் எறியும் வாய்ப்பு) வர்ஜீனியாவின் டியாகிட்டே பின்னால் தட்டிவிட்டார். குட்டையான கிஹெய் கிளார்க் துரத்திப் பிடித்து நீளமாக ஒரு பாஸ். டியாகிட்டே போட்டதும் நேரம் முடிந்தது, ஆட்டம் சமன். எத்தனை முறை பார்த்தாலும் நம்ப முடியவில்லை! ஆபர்னுடன், 0.6 நொடி மீதமிருக்க வர்ஜீனியாவின் கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார்.

எதிராளி: பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் தனியாளாக 42 புள்ளி.

சர்ச்சை: ஆபர்ன்தான். அந்த ஃப்ரீ த்ரோக்களுக்குச் சற்றுமுன் வர்ஜீனியா செய்த டபுள் டிரிபிளிங் தவறை (தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்த பின் மீண்டும் தட்டுவது) நடுவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஆட்டத்தை ரசிக்க பர்டூ. நண்பர்களோடு வாக்குவாதம் செய்ய, சரி, ஆபர்ன்.