கட்டண எழுத்து முகாமில் சேருமுன் இதைப் படித்துவிடுங்கள்

சென்ற ஆண்டு, 5 நாள் எழுத்து முகாம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் ஏமாற்றிய விதத்தைத்தான் மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொருவரும் 30 பக்க வரைவை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், ஆசிரியர் அதை முழுமையாகப் படித்துவிட்டு 45 நிமிடம் தனியாக உட்கார்ந்து பேசுவார் என்று விளம்பரம் சொன்னது. அமைதியான சூழல், காலை நடை என்று வேறு பலவும் அதில் இருந்தன. அவற்றுக்காக நான் போகவில்லை. நான்கு ஆண்டுகளாக எழுதியும் அடித்தும் வந்த நாவலை, என்னை அறியாத ஒருவர் படித்துக் குறை சொல்ல வேண்டும் என்ற ஏக்கம்தான் என்னை அங்கே கொண்டு சேர்த்தது.

என் முறை மூன்றாம் நாள் மாலையில் வந்தது. ஆசிரியர் என் பிரதியை உறையிலிருந்து என் கண்முன்னேதான் வெளியே எடுத்தார். முதல் இரண்டு பக்கங்களில் பென்சில் கோடுகள் இருந்தன. அதற்குப் பிறகு, பின் அடித்த மூலையில் தாளைப் புரட்டிய மடிப்புகூட இல்லை. “அந்த அண்ணன் பாத்திரத்தை இன்னும் வளர்த்தெடுக்கலாம்” என்றார். என் கதையில் அண்ணன் 7ஆம் பக்கத்திலேயே இறந்துவிடுகிறான். மீதி 23 பக்கங்களும் அந்தச் சாவை வீடு எப்படித் தாங்கிக்கொள்கிறது என்பதைப் பற்றியவை. நான் அதைச் சொன்னதும் அவர் சற்றுத் தயங்கி, “அப்படியானால் அவனை நினைவுகளில் கொண்டு வாருங்கள்” என்றார். 12ஆவது நிமிடத்தில் அடுத்தவர் கதவைத் தட்டினார்.

அன்றிரவு போட்ட கணக்கை, பணம் கட்டுவதற்கு முன்பே நான் போட்டிருக்க வேண்டும். 18 பேர், ஆளுக்கு 30 பக்கம் என்றால் 540 பக்கங்கள். பக்கத்துக்கு 3 நிமிடம் வைத்தால்கூட, படிப்பதற்கு மட்டும் 27 மணி நேரம் ஆகும். தனி அமர்வுகளுக்கு மேலும் பதின்மூன்றரை மணி நேரம் வேண்டும். ஆசிரியரோ இரண்டாம் நாள் மதியம் வந்து நான்காம் நாள் இரவு கிளம்பிவிட்டார், இடையில் பொது வகுப்புகளையும் அவரே எடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் எண்ணம் இருந்திருந்தால், 18 பேரைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

கட்டணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினார்கள். விளம்பரத்தில் “படித்துப் பேசுவார்” என்று இருந்தது, படிவத்தில் “கலந்துரையாடும் வாய்ப்பு வழங்கப்படும்” என்று மாறியிருந்தது. எந்தக் காரணத்துக்காகவும் கட்டணம் திருப்பித் தரப்படாது என்ற வரியும் அதன் கீழேயே இருந்தது. கடைசி நாளன்று, எங்கள் கதைகளைத் தொகுப்பாக வெளியிடுவதாகவும், அதற்கு ஒவ்வொருவரும் 50 பிரதிகளை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன், ஒப்புக்கொண்டவர்களும் உண்டு.

பணம் வாங்கும் முகாம்கள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 1968 முதல் இயங்கிவரும் ஆர்வான் அமைப்பும் கட்டணம் வாங்கித்தான் பயிற்சி தருகிறது, வசதியற்றவர்களுக்கு உதவித்தொகையும் அளிக்கிறது. ஆனால் படைப்பாளிகள் தங்கி எழுத இடம் தரும் உறைவிட வாய்ப்பு என்பது வேறு. அமெரிக்காவில் 1907இல் தொடங்கிய மெக்டவலும், 1926 முதல் கலைஞர்களை வரவேற்றுவரும் யாடோவும், படைப்பின் மாதிரியைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. தங்குவதற்கும் உணவுக்கும் பணம் வாங்குவதில்லை. மெக்டவலில், எழுதுபவரின் கவனம் கலையக் கூடாது என்று மதிய உணவுக் கூடையை அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் போன முகாமிலிருந்து எனக்கு வந்த கடிதத்திலும் “தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்” என்றுதான் இருந்தது. விசாரித்தபோது, விண்ணப்பித்துப் பணம் கட்டிய எவரையும் அவர்கள் மறுக்கவில்லை என்று தெரிந்தது.

ஆகவே, சேருவதற்கு முன் எழுத்து மூலமாகக் கேளுங்கள்: என் வரைவைப் படிப்பவர் யார், எத்தனை பக்கம் படிப்பார், குறிப்புகளை எழுதித் தருவாரா, மொத்தம் எத்தனை பேர், அவர் எத்தனை நாள் அங்கே இருப்பார். பதில் மின்னஞ்சலில் வராமல் தொலைபேசியில் மட்டும் வந்தால் பணம் கட்டாதீர்கள். முன்பு போய் வந்தவர்களில் இருவரிடமாவது, நடத்துபவர்கள் கொடுக்கும் எண்களை விட்டுவிட்டு, நீங்களாகத் தேடிப் பேசுங்கள்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடைபெறும் நேரத்தில் எல்லோரையும் வரிசையாகக் காமிரா முன் நிறுத்தினார்கள். உடன் தங்கியிருந்தவர்கள் மீதிருந்த அன்பில், “இங்கே வந்தது நல்லதாயிற்று” என்று நானும் சொல்லிவிட்டேன். அதை நீக்கும்படி மூன்று முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை. அடுத்த முகாமுக்கான விளம்பரக் காணொளியில் இன்றும் என் முகம் ஓடிக்கொண்டிருக்கிறது.