சன்பேர்டு ஃப்யூஷன் ராக்கெட்: யோசனைக்கு நாலு மதிப்பெண், இன்ஜினுக்கு ஒன்றரை

சேலம் அஸ்தம்பட்டியில் என்னிடம் பிசிக்ஸ் டியூஷன் வரும் பிள்ளைகள் சன்பேர்டைப் பற்றி விடாமல் கேட்பதால் எழுதுகிறேன். பல்சர் ஃப்யூஷன் என்ற இங்கிலாந்து கம்பெனி 2025 மார்ச்சில் சன்பேர்டை அறிவித்தது; ஃப்யூஷன், அதாவது லேசான அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து வரும் ஆற்றலில் ஓடப்போகும் ராக்கெட் திட்டம் அது. சாதாரண ராக்கெட் விண்கலத்தைப் புவிச் சுற்றுப்பாதையில் விட்டுவிடும், அங்கே காத்திருக்கும் சன்பேர்டு வந்து ஒட்டிக்கொண்டு தள்ளிப்போகும், மலையேறும் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு இன்ஜின் கொடுப்பார்களே, அந்த மாதிரி. புளூட்டோவுக்கு நாலே வருடம் என்கிறார்கள். நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2006 ஜனவரியில் கிளம்பி 2015 ஜூலையில்தான் போய்ச் சேர்ந்தது.

யோசனை அருமை. மின்சாரத்துக்காகத் திட்டமிடும் பெரும்பாலான ஃப்யூஷன் உலைகளில் டியூட்டீரியத்தோடு டிரிட்டியத்தைச் சேர்க்கிறார்கள் (இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள்), வரும் ஆற்றலில் சுமார் 80 சதவீதத்தை நியூட்ரான் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். "சார், அந்த நியூட்ரானையே பின்பக்கம் திருப்பிவிட்டா என்ன?" என்று ஒரு பொண்ணு கேட்டாள். நல்ல கேள்வி. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, மின்னூட்டம் இல்லாததைக் காந்தம் வைத்துத் திருப்ப முடியாது. அதனால்தான் இவர்கள் டிரிட்டியத்துக்குப் பதில் ஹீலியம்-3 என்ற லேசான ஹீலியம் வகையை எடுக்கிறார்கள். அதில் வருவது ஒரு ஹீலியம் கருவும் ஒரு புரோட்டானும், இரண்டுக்கும் மின்னூட்டம் உண்டு, காந்தப்புலத்தால் பின்பக்கமாக வெளியே விட்டால் அதுவே உந்துவிசை. நடுவில் நீராவியும் வேண்டாம், டர்பைனும் வேண்டாம். டியூட்டீரியம் கருக்கள் தங்களுக்குள் மோதிக் கொஞ்சம் நியூட்ரான் வரத்தான் செய்யும், ஆனாலும் டிரிட்டியம் அளவுக்குத் தொல்லை இல்லை.

சரி, குறை? இதற்கு வெப்பநிலை பல மடங்கு கூடுதலாக வேண்டும். ஹீலியம்-3 பூமியில் ரொம்ப அரிது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் கொடுத்து ஃப்யூஷனில் 3.15 மெகாஜூல் எடுத்தார்கள், அதுவும் சுலபமான டிரிட்டியத்தை வைத்து, லேசரை இயக்க மட்டும் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவழித்து, ஒரு பிரம்மாண்டமான கட்டடத்துக்குள். அதைவிடக் கடினமான எரிபொருளை ஒரு விண்கலத்துக்குள் எரிப்போம் என்கிறவர்கள் அழகான அனிமேஷனைக் குறைத்துக்கொண்டு அளவீடுகளை வெளியிட வேண்டும். ஒன்றரை மதிப்பெண் அதற்காகத்தான். இதே கம்பெனி ஹால் த்ரஸ்டரும் (வாயுவை மின்சாரத்தால் அயனியாக்கி வெளியே தள்ளும் சின்ன இன்ஜின்) செய்கிறது, அது விண்ணில் பல காலமாக ஓடும் தொழில்நுட்பம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு: கம்பெனியை நம்ப வேண்டாம், பிளாஸ்மா (ஃப்யூஷன் நடக்கும், மின்னூட்டம் பெற்ற சூடான வாயு) இயற்பியலை நம்புங்கள். குஜராத்தின் காந்திநகரில் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் இருக்கிறது, ஆதித்யா, எஸ்எஸ்டி-1 என்ற டோகமாக்குகள் (பிளாஸ்மாவைக் காந்தத்தால் அடைத்து வைக்கும் வளைய வடிவக் கருவிகள்) அங்கேதான். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் நம்ம சேலமும் ஒரு முனை, இந்த மாதிரிக் கருவிகளுக்கு வேண்டிய வெற்றிடக் கலன், காந்தச் சுருள் செய்யத் தெரிந்த கைகளுக்கு இங்கேயும் வேலை வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். அடுத்த சோதனையின் எண்களை அவர்கள் வெளியிட்டால் மதிப்பெண்ணை மாற்றிப் போடுகிறேன்.